உள்ளலங்காரம் உண்டு, உபாத்தியாயர் இல்லை

எங்கள் பேட்டையில் காலை வேளையில் பூங்காவைச் சுற்றி நடக்கிற கோஷ்டி ஒன்று உண்டு. நடப்பது கால் மணி, பெஞ்சில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவது முக்கால் மணி. அந்தக் கோஷ்டியில் ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் இருக்கிறார். பென்ஷன் வாங்கத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியும், சர்க்கார் கஜானாவைப் பற்றிய கவலை மட்டும் அவரை விட்டபாடில்லை. போன மார்ச் மாதம் ஒரு நாள் அவர் கைத்தடியைத் தரையில் தட்டிச் சொன்னார்: "இந்த ட்யூஷன் வாத்தியார்கள் இருக்கிறார்களே ஐயா, இவர்களைப் போல வரியை ஏய்க்கிற ஜாதி நாட்டில் வேறு கிடையாது. வீட்டிலேயே டாக்ஸாலை நடத்துகிறார்கள்!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் வழக்கம்போல ஆட்டியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின இரவுதான் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மாவின் கணக்கு நோட்டை மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். அதனால் என் தலை ஆட மறுத்துவிட்டது. அன்றைக்குப் பெஞ்சில் நான் சொன்னது அரைகுறை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும். ஆகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் டீச்சரம்மாவை அறிமுகப்படுத்த வேண்டும். கணிதத்தில் எம்.எஸ்ஸி., பி.எட். பதினோரு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். மாமியார் படுக்கையில் விழுந்தபோது, பகல் முழுவதும் வெளியே இருக்க முடியாமல் வேலையை ராஜினாமாச் செய்தார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு யார் புதிதாக வேலை தருவார்கள்? மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். ஐந்து பேர் பத்தானார்கள், பத்து முப்பதாயிற்று. இன்றைக்கு அறுபது பிள்ளைகள். மாடியில் இடம் போதாமல் அடுத்த தெருவில் ஒரு கூடத்தை மாசம் 15,000 ரூபாய் வாடகைக்குப் பிடித்திருக்கிறார்.

தலைக்கு மாசம் 2,500 ரூபாய், வருஷத்தில் பத்து மாசம். பெருக்கிப் பார்த்தால் 15 லட்சம். "ஆஹா, 15 லட்சமா!" என்று வாசகர்களில் சிலர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. உயர்த்துங்கள், பாதகமில்லை. ஆனால் உயர்த்திய புருவத்தை இறக்காமலே மேற்கொண்டு படியுங்கள்.

இந்தப் பதினைந்தில் வாடகைக்குப் போவது 1,80,000. வகுப்பில் கூட இருந்து விடைத்தாள் திருத்தும் பெண்ணுக்கு மாசம் 8,000 வீதம் பத்து மாசத்துக்கு 80,000. வாராந்தரப் பரீட்சைக் கேள்வித்தாள், நகல், காகிதம் இதெல்லாம் 60,000. மின்சாரம், இணையம் 30,000. மொத்தம் மூன்றரை லட்சம். கையில் நிற்பது பதினொன்றரை லட்சம்.

2025-26 நிதியாண்டின் விதிப்படி, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வருமான வரி ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. டீச்சரம்மாவின் வருமானம் பதினொன்றரை. ஆகவே வரி இல்லை. கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆடிட்டர் வந்தார்.

ஆடிட்டரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "ரசீது?"

கூடத்துச் சொந்தக்காரர் வாடகையை ரொக்கமாகத்தான் வாங்குவார், ரசீது தரமாட்டார். ரசீது தந்தால் அந்த வாடகையைத் தம் கணக்கில் அவர் காட்டியாக வேண்டுமே! சரி, அவர் மனம் மாறி ரசீதே கொடுத்தாலும் பலனில்லை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழிற்செலவைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது. 15,000 வாடகை அப்படியே பாறையில் மோதி உடைந்துவிடுகிறது. நகல் கடைக்காரர் துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டுக் கொடுப்பார். அதில் கடைப் பெயர் இருக்காது, தேதி இருக்காது, சில சமயம் கூட்டல்கூடச் சரியாக இருக்காது. 60,000-இல் 20,000 அப்படிப் போயிற்று. ஆக மூன்றரை லட்சம் செலவில் ஆடிட்டரின் பேனா தாண்ட அனுமதித்தது ஒன்றரை லட்சம். டீச்சரம்மாவின் வருமானம் காகிதத்தில் பதின்மூன்றரை லட்சமாக வீங்கிவிட்டது. பன்னிரண்டைத் தாண்டியதும் சலுகை மறைந்தது. முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000. மிச்சமுள்ள ஒன்றரை லட்சத்துக்கு 22,500. ஆக 82,500. அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை. மொத்தம் 85,800 ரூபாய்.

உண்மையில் சம்பாதித்த பணத்துக்கு அல்ல, செலவழித்துவிட்ட பணத்துக்கு இந்த வரி. கணக்கு டீச்சர் கணக்கில் தோற்ற கதை இது.

"இதிலென்ன அநியாயம்? ரசீது வைத்துக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பல்லவா? கூடத்துக்காரரை வங்கி வழியாக வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டாமா?" என்று உத்தியோகஸ்தர் கேட்பார். கேட்டார். நியாயமான கேள்விதான், இதே சட்டம் எல்லாரையும் ரசீது கேட்டிருந்தால்.

கேட்பதில்லை. இங்கேதான் நான் அந்த இரவு விழித்திருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 2016இல் ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். 44ஏ.டி.ஏ. என்று பெயர். சில தொழில்களைச் செய்கிறவர்கள் வருஷ வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை வருமானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். மறு பாதி செலவாகிவிட்டது என்று சர்க்காரே ஒப்புக்கொள்ளும். ரசீது வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். 2023இல் இன்னும் தாராளம் வந்தது: ரொக்க வரவு நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாவிட்டால் 75 லட்சம் வரைக்கும் இந்தச் சலுகை. முன்கூட்டியே வரி கட்டுவதிலும் தனி மரியாதை. மற்றவர்கள் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும், தவறினால் வட்டி. இவர்கள் மார்ச் 15ஆம் தேதிக்குள் ஒரே தடவை கட்டினால் போதும். எத்தனை பிள்ளைகள் சேருவார்கள் என்றே தெரியாத ஜூன் மாசத்தில் டீச்சரம்மா வருஷ வருமானத்தை ஊகித்து முதல் தவணை கட்ட வேண்டும். வருஷம் முடியப்போகிற மார்ச் மாசத்தில் டாக்டர் கணக்குப் பார்த்துக் கட்டலாம்.

யார் அந்தப் பாக்கியசாலிகள்? வக்கீல், டாக்டர், என்ஜினியர், கட்டடக் கலைஞர், கணக்கர், தொழில்நுட்ப ஆலோசகர். எல்லாரும் மதிப்புக்குரியவர்கள், சந்தேகமில்லை. அடுத்து யார் தெரியுமா? வீட்டின் உள்ளலங்காரம் செய்கிறவர்! சுவருக்கு எந்த வர்ணம், ஜன்னலுக்கு எந்தத் திரை என்று சொல்கிறவர் அந்த ஜாபிதாவில் இருக்கிறார். அறிவிக்கை மூலம் பின்னால் சேர்ந்தவர்களில் சினிமாக் கலைஞர்கள் உண்டு: நடிகர், பாடகர், நடன ஆசிரியர், வசனகர்த்தா, உடை வடிவமைப்பாளர் உள்பட. மறுபடியும் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். வாத்தியார் இல்லை.

சினிமாவில் கதாநாயகிக்கு நடனம் சொல்லித் தருகிறவர் உண்டு. கூடத்தில் பாய் விரித்துப் பத்துக் குழந்தைகளுக்குப் பரதம் சொல்லித் தருகிறவர் இல்லை. சினிமாவில் பாடுகிறவர் உண்டு. அவருக்குச் சின்ன வயசில் சரளி வரிசை சொல்லிக் கொடுத்த பாட்டு வாத்தியார் இல்லை. டாக்டர் உண்டு. அவரை டாக்டராக்கும் பரீட்சைக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தவர் இல்லை.

அதே 15 லட்சம் வரவுள்ள டாக்டர் ஏழரை லட்சம் என்று எழுதுகிறார். வரி சூனியம். ஒரு ரசீது காட்ட வேண்டாம். டீச்சரம்மா 85,800.

இந்த ஜாபிதா பிறந்த கதையைத் தேடிப் பார்த்தேன், அது இன்னும் விசித்திரம். இது சலுகைக்காகப் போட்ட ஜாபிதாவே அல்ல. 1976 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த 44ஏ.ஏ. என்ற பிரிவுக்காகப் போட்டது. இந்தத் தொழில்காரர்கள் நிறையச் சம்பாதிக்கிறார்கள், ஆகவே கட்டாயம் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்று கட்டளையிடுவதற்காகத் தயாரித்த பட்டியல் அது. பச்சையாகச் சொன்னால் சந்தேகப் பட்டியல். வாத்தியாரை அதில் சேர்க்கவில்லை. அவர் என்ன பெரிதாகச் சம்பாதித்துவிடப் போகிறார் என்று எண்ணியிருப்பார்கள். நாற்பது வருஷம் கழித்துச் சலுகை கொடுக்க நினைத்தபோது, யாருக்குக் கொடுப்பது என்று புதிதாக யோசிக்காமல், பீரோவில் இருந்த பழைய சந்தேகப் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார்கள். அன்றைக்குச் சந்தேகத்துக்கு ஆளானவர்கள் இன்றைக்குச் செல்லப் பிள்ளைகள். சந்தேகத்துக்குக்கூட லாயக்கில்லை என்று விடப்பட்ட வாத்தியாருக்கு இன்றைக்கும் இடமில்லை.

அந்த இரவு ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். "டீச்சர், நீங்கள் தொழில் வல்லுநர் என்று சொன்னால்தான் சிக்கல். 'வியாபாரம்' என்று எழுதிவிடுங்கள். அதற்கு வேறு பிரிவு இருக்கிறது. வங்கி மூலம் வந்த வரவில் நூற்றுக்கு ஆறு லாபம் என்று காட்டினாலே வழக்கத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். படிவத்தில் ட்யூஷனுக்கென்று தனி எண்ணே கொடுத்திருக்கிறது. சில ஆடிட்டர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். சிலர் கூடாது என்கிறார்கள். நோட்டீஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்."

டீச்சரம்மா மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டார். "15 லட்சத்துக்கு ஆறு சதவீதம் 90,000. வருஷத்துக்கு 90,000 ரூபாய்தான் எனக்கு மிச்சம் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களா, ஸார்?"

"சட்டம் இடம் கொடுக்கிறதே!"

"பிள்ளைகளிடம் விடை சரியாக வந்தால் மட்டும் போதாது, வழியும் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். நான் கடையா வைத்திருக்கிறேன்?"

ஆடிட்டர் வேறொரு யோசனையும் சொன்னார். அதை எழுதினால் அவர் சங்கடப்படுவார். வாங்காத மடிக்கணினி ஒன்று அதில் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். டீச்சரம்மா அதற்குப் பதிலே சொல்லவில்லை. காபி கலக்க உள்ளே போய்விட்டார்.

பூங்கா பெஞ்சு நண்பரை நான் கேட்கிறேன்: உண்மையை எழுதினால் 85,800, நூற்றுக்கு ஆறு என்று எழுதினால் சூனியம், ஒன்றும் எழுதாமலே இருந்துவிட்டால் அதுவும் சூனியம். இப்படி மூன்று கதவை வைத்து, நேர்வழிக் கதவில் மட்டும் ஒருவரை உட்கார்த்திவைத்து வசூல் செய்தால், ஜனங்கள் எந்தக் கதவால் போவார்கள்? வரி கட்டாத ட்யூஷன் வாத்தியார்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கே இரண்டு பேரைத் தெரியும். ஆனால் அந்தக் காலமும் போய்க்கொண்டிருக்கிறது. 2016இல் யூ.பி.ஐ. வந்த பிறகு பெற்றோர்கள் கைப்பேசியைத் தட்டிச் சம்பளத்தை வங்கிக்கே அனுப்பிவிடுகிறார்கள். வரவு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. செலவுதான் இன்னும் துண்டுச் சீட்டில், இருட்டிலே இருக்கிறது. தராசில் ஒரு தட்டை மட்டும் வெளிச்சத்தில் வைத்தால் எடை எப்படிச் சரியாக வரும்?

பள்ளிக்கூட வேலையில் இருக்கும் வாத்தியார்கள் இந்தச் சம்பாத்தியத்தில் பங்கு கேட்க முடியாது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் அவர்கள் தனியாக ட்யூஷன் சொல்லித் தருவதைத் தடை செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அதனால் இந்தத் தொழிலுக்கு நியாயமாக வருகிறவர்கள் யார்? வேலை கிடைக்காதவர்கள், குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண்கள், ஓய்வு பெற்றவர்கள். மாச முதல் தேதியில் சம்பளம் இல்லாதவர்கள். சம்பளம் வாங்குகிறவருக்கு, அவர் என்ன செலவழித்தார் என்று யாரும் கேட்பதில்லை; நிலைக் கழிவு என்று ஒரு தொகையைத் தள்ளிவிடுகிறார்கள். 1974இல் கொடுத்தார்கள், 2005இல் பிடுங்கினார்கள், 2018இல் 40,000 என்று திருப்பித் தந்தார்கள், மறு வருஷம் 50,000 ஆக்கினார்கள், 2024இல் புதிய வரி முறையில் 75,000. சந்தோஷம். என் தம்பி மகன் வாங்குகிறான். வேலைக்குப் போகவர ஆபீஸ் வண்டி, மத்தியானச் சாப்பாடு ஆபீஸில். அவனுக்கு 75,000 ரசீதில்லாமல் கழியும். சொந்தக் காசில் சாக்பீஸ் வாங்குகிறவருக்கு ஒரு ரூபாய் ரசீதில்லாமல் கழியாது.

"சம்பளக்காரனுக்கு அந்த 75,000 மட்டும்தான். உங்கள் டீச்சருக்கு உண்மைச் செலவு எவ்வளவானாலும் கழிக்கலாமே!" இது நண்பரின் அடுத்த அம்பு. கழிக்கலாம். எப்படிக் கழிக்கலாம் என்று கேளுங்கள். புத்தகம் வாங்கினால் அந்த வருஷமே முழு விலையையும் கழிக்க முடியாது, தேய்மானம் என்று நூற்றுக்கு நாற்பதுதான். அதுவும் வாங்கி உபயோகித்தது 180 நாளுக்குக் குறைவானால் அதில் பாதி. தமிழ்நாட்டில் 2018-லும் 2019-லும் பாடப் புத்தகங்கள் அடியோடு மாறினபோது டீச்சரம்மாவின் அலமாரியில் இருந்த பழைய புத்தகங்கள் ஒரே நாளில் எடைக்குப் போடும் காகிதமாயின. சட்டத்தின் கண்ணில் அவை வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்ந்துகொண்டிருந்தன. மேசை, பெஞ்சுக்கு நூற்றுக்குப் பத்து. கரும்பலகை மேசை ஜாதியா, இயந்திர ஜாதியா என்று ஆடிட்டரைக் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். எனக்குத் தெரிந்த வீணை வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருடைய பலா மரத்து வீணைக்கு வயசாக ஆகத்தான் நாதம் கூடுகிறது, விலையும் கூடுகிறது. சட்டமோ அதை மாவரைக்கும் இயந்திரம் போலப் பாவித்து வருஷத்துக்குப் பதினைந்து சதவீதம் தேய்ந்துவிட்டது என்று சொல்லும். அவர் விஷயத்தில் சட்டம் வாத்தியார் பக்கம்தான் தவறு செய்கிறது. ஆகவே நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இன்னொரு வேடிக்கை. தொழிலினால் கிடைக்கிற அனுகூலம், பணமாக இல்லாமல் பண்டமாக வந்தாலும் வருமானமே என்கிறது 28ஆம் பிரிவு. விஜயதசமியன்று தட்டில் வைத்துத் தரும் வேஷ்டி, தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் விலை போட்டு எழுத வேண்டும் என்று வாதிட ஒருவர் கிளம்பினால், அவரைத் தடுக்க இந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் நெல்லும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார், புண்ணியவான்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாகாது. பழைய வரி முறையில் இருக்கும் நூலாசிரியனுக்கு, அவன் புத்தகத்துக்கு வரும் ராயல்டியில் 3 லட்சம் வரை கழிவு உண்டு. இலக்கியம், கலை, விஞ்ஞானம் சம்பந்தமான புத்தகமாக இருக்க வேண்டும். நான் பொய்யும் கற்பனையும் கலந்து நாவல் எழுதினால் சலுகை. டீச்சரம்மா இருபது வருஷ அனுபவத்தில் வகைநுண்கணிதத்துக்கு ஒரு புத்தகம் எழுதினால்? பள்ளிப் பாடப் புத்தகத்துக்கும் கைடு புத்தகத்துக்கும் இச்சலுகை கிடையாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கதாநாயகன் ரயிலடியில் கதாநாயகியைச் சந்திப்பது தேசத்துக்கு உபகாரம். பையன் ஒருவன் தொகையீட்டைச் சந்திப்பது அப்படியில்லை போலும்! அந்தக் கழிவை நானும் சில வருஷம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு அல்ல.

அதே பழைய முறையில், பள்ளிக்கும் கல்லூரிக்கும் கட்டும் கல்விக் கட்டணத்தைப் பெற்றோர் ஒன்றரை லட்ச வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். வீட்டு வாத்தியாருக்குக் கொடுத்ததைக் கழிக்க முடியாது. முழுநேரக் கல்வியாக இருக்க வேண்டுமாம். கொடுக்கிறவர் பக்கத்திலும் வாத்தியார் கணக்கில் இல்லை, வாங்குகிறவர் பக்கத்திலும் இல்லை. சரக்கு சேவை வரிக்காரர்கள் கொஞ்சம் பரவாயில்லை. ஆட்டம் பாட்டு முதலிய கலைகளைத் தனி மனிதராகச் சொல்லித் தருகிறவருக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு அந்த விலக்கு இல்லை. வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் நூற்றுக்குப் பதினெட்டு.

டீச்சரம்மாவாவது பன்னிரண்டு லட்சத்தைத் தொட்டவர். அவரோடு நிறுத்தினால் நான் வசதியுள்ளவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஆகிவிடும். இன்னொரு பிள்ளையாண்டான் இருக்கிறான். இருபத்தெட்டு வயசு. போட்டிப் பரீட்சைக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்றில் பௌதிகம் நடத்துகிறான். காலை எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருகிறான். வராத நாளுக்குப் பணம் பிடிக்கிறார்கள். நிலையத்தின் பெயர் போட்ட சட்டை போட்டுக்கொண்டு போகிறான். ஆனால் அவன் சிப்பந்தி அல்ல என்று ஒப்பந்தம் சொல்கிறது. சுதந்திரமான தொழில் வல்லுநராம்! மாசம் 25,000. சேமநிதி இல்லை, நிலைக் கழிவு இல்லை. அந்த 25,000-இலும் நூற்றுக்குப் பத்து வரிப் பிடித்தம். சலுகை என்று வரும்போது வாத்தியார் வல்லுநர் ஜாபிதாவில் இல்லை. பிடித்தம் என்று வரும்போது மட்டும் நிலையத்துக் கணக்கர் அவனை வல்லுநர் தலைப்பிலே எழுதிவிடுகிறார்.

வருஷத்துக்கு 3 லட்சம் வருமானம். அவன் கட்ட வேண்டிய வரி சூனியம். அவனிடம் பிடித்தது 30,000. அதைத் திரும்ப வாங்க அவன் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரனுக்கு முதல் எண் படிவம், நாலு பக்கத்துச் சமாசாரம். இவனுக்கு மூன்றாம் எண் படிவம். லாப நஷ்டக் கணக்கு, ஆஸ்திப் பட்டியல் எல்லாம் கேட்கும் மகாபாரதம். பௌதிகம் தெரிந்தவனுக்கும் புரியாது. ஆடிட்டருக்கு 2,500 அழ வேண்டும். வங்கி வட்டியில் வரி பிடிக்காதீர்கள் என்று எழுதிக் கொடுக்க ஒரு தாள் இருக்கிறது. உழைத்த கூலியில் பிடிக்காதீர்கள் என்று எழுதிக் கொடுக்க அந்தத் தாள் உதவாது. "அந்த முப்பதாயிரம் இருந்தால் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடுவேன், ஸார். நவம்பரில் வரும் என்கிறார்கள். கட்டணம் ஜூனில்" என்றான். இவனைத்தான் நம் நண்பர் டாக்ஸாலை நடத்துகிறவன் என்கிறார்.

பழைய முறை, புதிய முறை என்று இரண்டு வைத்து, எது சௌகரியமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சம்பளக்காரர் வருஷாவருஷம் மாற்றி மாற்றி எடுக்கலாம். தொழில் வருமானம் உள்ளவர் புதிய முறையை விட்டு வெளியே போனால், திரும்பி வர ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அனுமதி. வருமானம் நிச்சயமாகத் தெரிந்தவருக்கு வருஷத்துக்கு ஒரு சந்தர்ப்பம், அடுத்த மாசம் எத்தனை பிள்ளை வரும் என்று தெரியாதவருக்கு ஒன்றே ஒன்று!

1961ஆம் வருஷத்துச் சட்டத்தை மாற்றி 2025இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது அமல். எண்ணூற்றுச் சொச்சம் பிரிவுகளை 536 ஆகக் குறைத்துவிட்டார்கள், பாஷையை எளிதாக்கிவிட்டார்கள். ஆவலோடு புரட்டினேன். பிரிவு எண் மாறியிருக்கிறது. உள்ளலங்காரம் பத்திரமாக இருக்கிறது. வாத்தியார் அதிலும் ஏறவில்லை.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஜாபிதாவின் கடைசியில் "வாரியம் அறிவிக்கும் பிற தொழில்கள்" என்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பார்லிமெண்டைக் கூட்ட வேண்டாம், விவாதம் வேண்டாம். 1977 ஜனவரியில் சினிமாக் கலைஞர்களை அந்த வாசல் வழியாகத்தான் ஓர் அறிவிக்கையால் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அதே வாசலில் ஆசிரியர் என்ற ஒரு வார்த்தை நுழைந்தால் போதும். "வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பவருக்குச் செலவு கால் பங்குகூட ஆகாதே, பாதியை விட்டுவிடுவதா?" என்று நண்பர் கேட்டார். ஆலோசனை மட்டும் சொல்லும் வக்கீலுக்குப் பாதி செலவாகிறதா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? வாத்தியாருக்குப் பாதி அதிகம் என்று தோன்றினால் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள். அதுவும் மனசில்லையென்றால் சம்பளக்காரருக்குக் கொடுக்கும் அந்த 75,000-ஐயாவது கொடுங்கள். டீச்சரம்மாவுக்கு அதனால் வரி முழுவதும் நீங்காது, ஆனால் துண்டுச் சீட்டுக்குப் பதில் சொல்லிவிடும். பிள்ளையாண்டான் விஷயத்தில் பிடித்தத்தை நிறுத்திவைக்க அவனும் எழுதிக் கொடுக்கலாம் என்று அந்தத் தாளில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

இதையெல்லாம் மறு நாள் பெஞ்சில் நிதானமாகச் சொன்னேன். உத்தியோகஸ்தர் கைத்தடியைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "என் பேத்தி அந்த அம்மாளிடம்தான் கணக்குப் படிக்கிறாள். மாசம் 2,500 ரொக்கமாகக் கொடுத்தனுப்புகிறேன். அவர்தான் வங்கியில் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்" என்றார்.

மார்ச் 13ஆம் தேதி டீச்சரம்மா கடைசித் தவணையைக் கட்டிவிட்டார். அவர் கட்டிய வரிக்குச் சர்க்கார் உடனே ரசீது கொடுத்தது.